சங்கீதம் 55: "நீயே அவன்" என்பது அகித்தோப்பேல்தானா? வேதபாடத்துக்கு உதவி தேவை

செவ்வாய்_வேதபாடம்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் வேதபாடத்துக்கு 55-ம் சங்கீதம். பதினைந்து பேர், ஐம்பது நிமிடம். பலர் கையில் தமிழ் வேதாகமத்தின் பழைய பதிப்பு, இரண்டு மூன்று பேர் கையில் புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம்.

கிடைக்கிற பிரசங்கக் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சு. முதல் வரியிலேயே "இது அகித்தோப்பேலின் துரோகம்" என்று (தாவீது ராஜாவின் ஆலோசனைக்காரனாக இருந்து, கலகம் செய்த அவர் மகன் அப்சலோமின் பக்கம் போனவன்) சொல்லிவிட்டு நேராக 22-க்குத் தாவி, "பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிடு" என்று முடித்துவிடுகின்றன. நடுவில் 15-ம் வசனம், "அவர்கள் உயிரோடே பாதாளத்தில் இறங்குவார்களாக", தொடுவாரில்லாமல் கிடக்கிறது.

அகித்தோப்பேல் என்பதற்கு வேதத்தில் ஆதாரம் எவ்வளவு? 13-ல் "எனக்குச் சமமான மனுஷனும், என் வழிகாட்டியும், என் தோழனுமாகிய நீயே அவன்" என்று வருகிறதே, அந்த "வழிகாட்டி" குருவா, நண்பனா? 22-ன் "பாரம்" என்ற சொல்லில் ஏதோ சிக்கல் இருப்பதாக ஓர் அடிக்குறிப்பில் பார்த்தேன், அது என்ன? இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசோடு இணைத்துப் பேசலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேல்வீட்டறை:

தலைப்பிலிருந்து ஆரம்பியுங்கள் பிரதர். நெகிநோத் (தந்திவாத்தியம்), இராகத்தலைவன், மஸ்கீல் (ஒரு பாட்டு வகை), தாவீது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்துச் சங்கீதங்களில் சம்பவம் எழுதியிருக்கிறது: 52-க்கு தோவேக்கு, 54-க்கு சீப் ஊரார், 56-க்கு காத்தூரில் பெலிஸ்தர் பிடித்தது, 57-க்குக் கெபி. 55-க்கு இல்லை. ஆகவே அகித்தோப்பேல் என்பது ஊகம். ஆனால் மிகப் பழைய ஊகம். யூத ஞானிகளின் மொழித்தொகுப்பான பிர்க்கே ஆவோத் 6:3-ல், தாவீது அகித்தோப்பேலிடம் இரண்டே காரியங்கள்தான் கற்றார், அதற்கே அவனைக் குரு என்றும் வழிகாட்டி என்றும் அழைத்தார் என்று சொல்லி, இந்த 13-ம் வசனத்தைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள்.

பொருந்துகிற இடங்கள் உண்டு. 2 சாமுவேல் 15:31-ல் தாவீது, "அகித்தோப்பேலின் ஆலோசனையைப் பயித்தியமாக்கிவிடுவீராக" என்று ஜெபிக்கிறார். இங்கே 9-ல் "அவர்கள் பாஷையைப் பிரிந்துபோகப்பண்ணும்". இரண்டும் எதிரியின் பேச்சைக் கலைக்கக் கேட்கிற ஜெபம். அந்தப் பேச்சு எவ்வளவு எடையுள்ளது என்பதை 16:23 சொல்கிறது: அவன் ஆலோசனை தேவனுடைய வாக்கைப்போல எண்ணப்பட்டது. 17:1-ல் பன்னீராயிரம் பேரோடு அன்று இராத்திரியே தாவீதைத் துரத்துகிறேன் என்கிறான். அது ஏற்கப்படாமல் போனதும் ஊருக்குப் போய், வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்திவிட்டு நான்றுகொண்டு சாகிறான் (17:23).

பொருந்தாத இடங்களைத்தான் யாரும் சொல்வதில்லை. ராஜா தன் ஆலோசனைக்காரனை "எனக்குச் சமமான மனுஷன்" என்பாரா? 1 நாளாகமம் 27:33-ஐயும் பாருங்கள். அகித்தோப்பேல் ராஜாவுக்கு ஆலோசனைக்காரன், "ராஜாவின் தோழன்" என்ற பெயரோ அர்கியனான ஊசாய்க்கு. அந்த ஊசாய் கடைசிவரை தாவீதின் பக்கம் நின்றவன்! அடுத்தது இடம். 9 முதல் 11 வரை பேசுகிறவர் நகரத்துக்குள்ளே நின்று பேசுகிறார். மதில்கள்மேலும் வீதியிலும் கொடுமையும் கபடும் சுற்றுவதைக் கண்ணால் பார்க்கிறார். வனாந்தரத்துக்குப் பறந்துபோக மாட்டோமா என்று ஏங்குகிறார். அகித்தோப்பேல் அப்சலோமோடு சேர்ந்துவிட்டான் என்ற செய்தி தாவீதுக்கு எட்டியபோது அவர் எருசலேமை விட்டு வெளியேறி ஒலிவமலை ஏறிக்கொண்டிருந்தார். வனாந்தர வழியில் போய்க்கொண்டிருப்பவர் வனாந்தரத்துக்கு ஏங்க வேண்டியதில்லை.

வகுப்பில் "அகித்தோப்பேலின் கதையை இந்தச் சங்கீதத்தின் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம்" என்று சொல்லுங்கள். "இது அவனைப் பற்றியது" என்று சொல்லாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. தாவீது அபகரித்த உரியாவின் மனைவி பத்சேபாள் எலியாமின் மகள் (2 சாமு 11:3). கீலோனியனாகிய அகித்தோப்பேலின் மகன் பெயரும் எலியாம் (23:34). இருவரும் ஒருவரே என்றால் அகித்தோப்பேல் பத்சேபாளின் தாத்தா. இதை நீங்கள் சொல்லாவிட்டாலும் யாராவது கேட்பார்கள். கேட்டதும் "அப்படியானால் முதலில் துரோகம் செய்தது யார்?" என்று வகுப்பு அந்தப் பக்கம் போய்விடும். நல்ல கேள்விதான், ஆனால் அதற்குத் தனி வகுப்பு வேண்டும். இரண்டு வசனங்களையும் குறித்துக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

யூதாஸ்: யோவான் 13:18 எடுத்துக்காட்டுவது 41:9-ஐ. அப்போஸ்தலர் 1:20 எடுப்பது 69:25-ஐயும் 109:8-ஐயும். யூதாசுக்காகப் புதிய ஏற்பாடு 55-ஐ எங்கும் மேற்கோள் காட்டவில்லை. ஆகவே "இந்த வசனம் யூதாசில் நிறைவேறியது" என்ற வாக்கியம் வேண்டாம். 41:9-ஐ எடுத்தால் ஒன்றைக் காட்டலாம். அங்கே "என் பிராணசிநேகிதனும், நான் நம்பினவனும், என் அப்பம் புசித்தவனுமாகிய" என்று இருக்கிறது. யோவானின் மேற்கோளில் அப்பம் இருக்கிறது, "நான் நம்பினவன்" இல்லை. இயேசு ஆதிமுதல் அறிந்திருந்தார் என்று சொல்கிற யோவான் 6:64-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய_பதிப்பு:

சொற்களைப் பற்றி நான் சொல்கிறேன். எபிரேயத்தில் பார்ப்பவர்கள் எண்ணில் கவனமாக இருங்கள். அங்கே தலைப்பே முதல் வசனம், ஆகவே நம் 22 அங்கே 23, மொத்தம் 24. கிரேக்க, பழைய இலத்தீன் பதிப்புகளில் சங்கீதத்தின் எண்ணே 54. குழுவில் ஒருவர் வேறு செயலியைத் திறந்தால் பத்து நிமிடம் இதிலேயே போய்விடும்.

"வழிகாட்டி": எபிரேயத்தில் அல்லூஃப். ஆதியாகமம் 36-ல் ஏதோமின் "பிரபுக்கள்" இதே சொல். நீதிமொழிகள் 16:28-ல் கோள்சொல்லுகிறவன் பிரித்துவிடும் "பிராணசிநேகிதர்" இதே சொல். மீகா 7:5-ல் "சிநேகிதனை விசுவாசிக்கவேண்டாம், வழிகாட்டியை நம்பவேண்டாம்" என்ற இடத்திலும் இதுவே. ஒரே சொல்லை நம் பழைய பதிப்பு ஓரிடத்தில் பிராணசிநேகிதன் என்றும் இன்னோரிடத்தில் வழிகாட்டி என்றும் போட்டிருக்கிறது. 13-ல் "வழிகாட்டி" வருவது தவறில்லை, கிரேக்க மொழிபெயர்ப்பும் தலைவன் என்ற பொருளில்தான் எடுத்தது. ஆனால் "எனக்குச் சமமான" என்பதும் "என் தோழன்" என்பதும் இருபுறமும் நிற்கும்போது நெருங்கிய நண்பன் என்பதே இயல்பாக உட்காருகிறது. அந்தத் "தோழன்" எபிரேயத்தில் "எனக்கு அறிமுகமானவன், நான் அறிந்தவன்" என்ற பொருளுள்ள சொல்.

14-ல் "இன்பமான ஆலோசனை". இன்றைய காதுக்கு ஆலோசனை என்றால் கமிட்டிக் கூட்டம். மூலச்சொல் ஸோத். கதவைச் சாத்திக்கொண்டு இருவர் மனம்விட்டுப் பேசுகிற பேச்சு. சங்கீதம் 25:14-ல் "கர்த்தருடைய இரகசியம்" இதே சொல்தான், யோபு 19:19-ல் "என் பிராணசிநேகிதர்" பிறப்பதும் இதிலிருந்துதான். வசனத்தின் பின்பாதியோ கூட்டத்தோடே தேவாலயத்துக்குப் போவது. உள்ளறைப் பேச்சு ஒன்று, ஊரறிந்த ஆராதனை ஒன்று. அந்த நட்பு இரண்டிலும் இருந்தது. ஆகவே இழப்பும் இரண்டிலும். இனிமேல் தேவாலயத்துக்குப் போகிற வழியே அவனை ஞாபகப்படுத்தும். சபைக்குள் நடந்த துரோகத்தைப் பற்றிப் பேச வேதத்தில் இதைவிட நேரான வசனம் எனக்குத் தெரியவில்லை.

20-ல் "உடன்படிக்கையை மீறி நடந்தான்" கொஞ்சம் மெலிந்துவிட்டது. மூலவினை, பரிசுத்தமானதைத் தீட்டுப்படுத்துவது. ஓய்வுநாளின் பரிசுத்தத்தைக் குலைப்பதற்கும் இதே வினைதான் வரும். நட்பு தெய்வசாட்சியாகச் செய்த ஒப்பந்தமாய் இருந்தது என்பதால்தான் இந்தச் சொல். யோனத்தானும் தாவீதும் உடன்படிக்கை பண்ணியதை (1 சாமு 18:3) இங்கே ஒரு வரியில் சொல்லலாம்.

இப்போது "பாரம்". மூலத்தில் யெஹாவ்கா. இந்த வடிவம் வேதம் முழுவதிலும் இங்கே மட்டும்தான் வருகிறது. அதனால்தான் உங்கள் அடிக்குறிப்பு. அதன் வேர் "கொடு" என்பதாக இருக்கலாம். அப்படியானால் "அவர் உனக்குக் கொடுத்ததை, உன் பங்கை, அவர்மேலேயே வைத்துவிடு". யூத ஞானிகளின் விளக்கநூலான தல்மூதில் (ரோஷ் ஹஷானா 26ஆ) ஞானிகளுக்கே இந்தச் சொல் புரியாமல் இருந்ததாக வருகிறது. ரப்பா பார் பார் ஹன்னா ஒரு அரபு வியாபாரியோடு சுமையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவன், "உன் யெஹாவை எடுத்து என் ஒட்டகத்தின்மேல் போடு" என்றானாம். சுமை என்ற பொருளுக்கு ஆதாரம் அந்த வழிப்பேச்சு. கிரேக்கம் "கவலை" என்று எடுத்தது. 1 பேதுரு 5:7-ல் "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்பது அந்தக் கிரேக்கச் சொற்களின் எதிரொலி. பழைய பதிப்பில் பாரம், வேறு பதிப்புகளில் கவலை என்று வருவது இதனால்தான். எது சரி என்று வகுப்பில் வழக்காட வேண்டாம், இரண்டுக்கும் வழி இருக்கிறது.

பாரத்தைவிட "ஆதரிப்பார்" என்ற வினைக்கு நேரம் ஒதுக்குங்கள். எலியாவைப் "போஷிக்க" காகங்களுக்குக் கட்டளையிடுவேன் (1 இராஜா 17:4), யோசேப்பு தன் சகோதரரிடம் "உங்களையும் உங்கள் குழந்தைகளையும் பராமரிப்பேன்" (ஆதி 50:21): மூன்றும் ஒரே வினை. சோறுபோட்டு, விழாமல் பிடித்துக்கொள்வது. பாரம் இறங்கிவிடும் என்று அந்த வினை சொல்லவில்லை. சுமக்கிறவன் நிற்பான் என்கிறது. யோசேப்பு அதை யாரிடம் சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்: தன்னை விற்றவர்களிடம்.

திண்ணை:

ஒரு சின்ன விஷயம். 17-ல் "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்பதில் சந்தி என்றால் என்னவென்று வாலிபர்களுக்குத் தெரிவதில்லை, தெருமுனை என்று நினைக்கிறார்கள். இங்கே அது காலைநேரம். சாயங்காலம், காலை, நண்பகல் என்ற வரிசை எபிரேயத்திலும் அப்படியே. அவர்களுக்கு நாள் சூரியன் மறையும்போது தொடங்கும். தானியேல் 6:10-ல் மூன்று வேளை ஜெபம் இருக்கிறதே, அதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பொருத்தமாக ஒரு குறளும் சேர்க்கலாமே? 828, "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்". 21-ம் வசனத்தின் வெண்ணெய்ச் சொல்லும் உருவின பட்டயமும் அப்படியே இருக்கிறது.

பழைய_பதிப்பு:

திண்ணை ஐயா, சொன்னதும் ஈர்க்கும். ஆனால் அதிகாரம் கூடாநட்பு. குறளில் வருகிறவன் பகைவன், நட்பை வேஷமாகப் போட்டவன். கும்பிட்ட கைக்குள் ஆயுதம் முதலிலிருந்தே இருக்கிறது. சங்கீதத்தின் ஆளோ நிஜமாகவே நண்பனாக இருந்தவன். "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்பதுதான் வலியே. இரண்டையும் ஒன்றாக்கினால் 12-ம் வசனம் செத்துவிடும். எங்கே பிரிகின்றன என்று காட்டுவதற்கு வேண்டுமானால் குறளைப் பயன்படுத்தலாம்.

கரும்பலகை:

வகுப்பை நடத்தும் முறை பற்றி. இந்தச் சங்கீதத்தில் யாரிடம் பேசுகிறார் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

23 வசனங்களையும் ஒரே பக்கத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு அச்சடியுங்கள். ஆளுக்கு ஒரு தாள், மூன்று நிறப் பென்சில். தேவனைப் பார்த்துச் சொன்னதற்கு ஒரு நிறம், "அவன், அவர்கள்" என்று சொன்னதற்கு இன்னொன்று, நண்பனை நேராக "நீ" என்று சொன்னதற்கு மூன்றாவது. பத்து நிமிடம் கொடுத்தால் போதும். மூன்றாவது நிறம் இரண்டே வசனத்தில்தான் விழும்: 13-ல் "நீயே அவன்", 14-ல் "நாம் ஒருமித்து". அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 20, 21-ல் அதே ஆள் திரும்ப வரும்போது "அவன்" ஆகிவிட்டான். வாயெல்லாம் வெண்ணெயாக எதிரே நின்றவன் படர்க்கைக்குப் போய்விட்டான். இதை நீங்கள் சொல்லாதீர்கள், பென்சில் காட்டட்டும்.

22-க்கு என்ன நிறம் என்று கட்டாயம் சண்டை வரும். "உன் பாரத்தை" என்கிற அந்த "உன்" யார்? தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார் என்பது ஒரு வாசிப்பு. ஆலயத்தில் யாரோ ஒருவர் பதில் சொல்கிறார் என்பது இன்னொன்று. 21-ம் வசனத்தின் எண்ணெய்ச் சொற்களுக்கு இதுவே உதாரணம், அந்த நண்பன் பசப்பாகச் சொன்னது என்றுகூட வாசித்தவர்கள் உண்டு. நான் முதலாவதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் 23 "நானோ உம்மை நம்பியிருக்கிறேன்" என்று அதே நம்பிக்கையில் முடிகிறது. ஆனால் மூன்றாவதைக் கேள்விப்பட்டதும் வாலிபர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நல்ல வசனத்தை ஒருவர் தப்பான நேரத்தில் சொன்னால் அது எப்படி ஒலிக்கும் என்பது அவர்களுக்கே தெரியும்.

நேரம் இப்படிப் போகட்டும்: உரக்க வாசிக்க ஐந்து நிமிடம், நிறம் தீட்டப் பத்து, 12 முதல் 14 வரையும் 20, 21-ம் சேர்த்துப் பதினைந்து, 15-ம் வசனத்துக்குப் பத்து, மீதி 22-க்கும் 23-க்கும். 6 முதல் 8 வரை புறா வருகிற இடம் அழகானது, ஆனால் விளக்கம் வேண்டியதில்லை. "பறந்துபோய் இளைப்பாறுவேன்" என்று ஏங்கியவர் 16-ல் "நானோ தேவனை நோக்கிக் கூப்பிடுவேன்" என்கிறார், பறக்கவில்லை. அவ்வளவு சொன்னால் போதும்.

கெட்டுப்போகிற இடம் எது என்றால், "உங்களுக்கு யார் துரோகம் செய்தார்கள், பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று ஆரம்பிப்பதுதான். பதினைந்து பேரும் ஒரே சபை. சொல்கிற கதையின் எதிராளி அடுத்த பெஞ்சில் இருப்பார், அல்லது அவர் தங்கை இருப்பார். வேதபாடம் பஞ்சாயத்தாகிவிடும். பெயர் சொல்லக் கூடாது, சம்பவம் சொல்லக் கூடாது என்று முதலிலேயே விதி போடுங்கள். எழுத விரும்புகிறவர் தாளின் பின்பக்கம் எழுதி அவரே கொண்டுபோகட்டும், தாளைத் திரும்ப வாங்காதீர்கள்.

செவ்வாய்_வேதபாடம்:

நால்வருக்கும் மிக்க நன்றி. தாள் அச்சடித்துவிடுகிறேன். 15 பற்றி மட்டும் இன்னும் பயம். "உயிரோடே பாதாளத்தில்" என்பதை விளக்கப் போய், யாராவது அதை ஒருவர்மேல் ஜெபமாகவே எடுத்துவிட்டால்? வாசிக்காமல் தாண்டிவிடலாமா?

மேல்வீட்டறை:

தாண்டாதீர்கள். தாண்டினால் அவர்கள் வீட்டில் போய் அதைத்தான் வாசிப்பார்கள். தாண்டிய முன்மாதிரி இருக்கிறது, மறைக்கவில்லை. கத்தோலிக்கரின் வேளைதோறும் ஜெபிக்கும் நூலான திருப்புகழ்மாலையில், சாபம் வருகிற 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய சீர்திருத்தத்தில் முழுதாக விட்டுவிட்டார்கள். அது பொது ஜெபத்துக்கான முடிவு. உங்களுடையது வேதபாடம், கேள்வி கேட்க நேரம் இருக்கிறது.

முதலில் அந்தச் சொற்றொடர் எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள். எண்ணாகமம் 16:33-ல், மோசேக்கு எதிராகக் கலகம் செய்த கோராகின் கூட்டத்தார் "உயிரோடே பாதாளத்தில் இறங்கினார்கள்". 9-ம் வசனத்தில் "அழித்து" என்று நாம் வாசிக்கும் வினை, மூலத்தில் விழுங்குவது. பூமி வாயைத் திறந்து கோராகை விழுங்கியதற்கு எண்ணாகமம் 16 பயன்படுத்துகிற அதே வினை. தமிழில் அது மறைந்துவிட்டதால் 9-க்கும் 15-க்கும் உள்ள தொடர்பு தெரிவதில்லை. கோராகு மோசேயின் சொந்த லேவி கோத்திரத்தான், பரிசுத்த ஸ்தலத்தில் ஊழியம் செய்தவன். "கூட்டத்தோடே தேவாலயத்துக்குப் போனோம்" என்பதற்கு அடுத்த வசனத்திலேயே கோராகின் முடிவு ஞாபகத்துக்கு வருவது தற்செயல் இல்லை.

அடுத்து, அங்கே செய்தது யார்? மோசே ஒரு கல்லும் எடுக்கவில்லை, தீர்ப்பைக் கர்த்தரிடம் விட்டார். 15-ம் வசனமும் தேவனிடம் சொன்னது. 20-ல் "கையை நீட்டினவன்" துரோகி, சங்கீதக்காரர் இல்லை. ரோமர் 12:19-ஐ இங்கே வைத்தால் பொருந்தும். ஆனால் "ஆகவே நாம் மன்னிக்க வேண்டும்" என்று உடனே கதவைச் சாத்தாதீர்கள். இந்தச் சங்கீதத்தில் நண்பன் மனம்திரும்பவில்லை, இருவரும் சேரவுமில்லை. சங்கீதம் சொல்லாததை அதன் வாயில் போட்டு வாசித்தால் அடிபட்டவர்கள் அடுத்த வாரம் வகுப்புக்கு வர மாட்டார்கள்.

நீங்கள் பயப்படுகிற ஆபத்து நிஜம்தான். 109-ஐ ஒருவர் பேரில் வாசிக்கிற பழக்கத்தைப் போல இதையும் ஆக்கிவிடக் கூடாது. அதற்கு இலக்கணத்தையே காட்டுங்கள். கரும்பலகை சொன்ன நிறத்தாளில் 14 "நாம்", 15 "அவர்கள்". "நீ" என்று முகம் பார்த்த ஒருவன்மேல் சாபத்தை நேராகச் சொல்லவில்லை. அவனும் அந்த "அவர்களில்" ஒருவனாக இருக்கலாம், இருந்தும் பெயரோ முன்னிலையோ இல்லை. பெயர் போட்டு வாசிக்கிறவர் சங்கீதம் போகாத இடத்துக்குப் போகிறார்.

கரும்பலகை:

உரக்க வாசிப்பது பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஒரே ஆளை முழுதும் வாசிக்க விடாதீர்கள், வேகமாக ஓடிவிடுவார்கள். மூன்று பேர், மூன்று நிறத்துக்கு மூன்று குரல். 13, 14 மட்டும் வாசிக்கிறவரை எழுந்து நிற்கச் சொல்லி, முடித்ததும் உட்கார வையுங்கள். 15-க்குப் போகுமுன் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். சேலா (நிறுத்தக் குறி போல வரும் சொல்) வருகிற 7-லும் 19-லும் நிறுத்தினால் போதும், அந்தச் சொல்லை வாய்விட்டு வாசிக்க வேண்டாம். 22-ஐ மூன்று பேரும் சேர்ந்து வாசித்துவிட்டு அங்கேயே ஆமென் போடுகிற பழக்கம் உண்டு. போடவிடாதீர்கள். இன்னும் ஒரு வசனம் இருக்கிறது, அதில் சூதுள்ள மனுஷர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். அதன் கடைசியில் "நானோ" என்று தொடங்கும் வரியை, 13-ஐ வாசித்தவரே உட்கார்ந்தபடி வாசிக்கட்டும்.

திண்ணை:

பென்சில் பதினைந்து செட் வாங்க வேண்டாம், மூன்று பேருக்கு ஒரு செட் போதும். நிறத்தைப் பற்றிச் சண்டை போட்டால்தான் படிப்பார்கள்.